ஜி.டி. நாயுடு: வண்டியைக் கழற்றிப் போட்டவர்

அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் போயிருப்பீங்க. கோல்ட்வின்ஸ்ல ஏறினா உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டர், நடுவுல ஒரு சிக்னல் கிடையாது. 2025 அக்டோபர்ல திறந்தாங்க. கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து பைக்ல டவுனுக்கு வர்றவங்களுக்கு அது ஒரு வரம். அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வச்சிருக்காங்க. யாருன்னு கேட்டா பாதிப் பேர் 'இந்தியாவின் எடிசன்' என்று ஒரு பட்டத்தைச் சொல்லிட்டு நிறுத்திக்குவாங்க. மீதிப் பேர் மாதவன் நடிக்கிற படத்தைச் சொல்லுவாங்க.

எனக்கு அந்த எடிசன் பட்டம் பிடிக்காது. அவர் கண்டுபிடிப்புகளின் பட்டியலை எல்லாரும் ஒப்பிக்கிறாங்க. அந்த மனுஷன் எங்கே ஆரம்பிச்சார் என்பது பட்டியலில் காணாமப் போயிடுது. அவர் ஆரம்பிச்சது ஒரு மோட்டார் சைக்கிளில். அதுவும் ஓட்டி இல்லைங்க, கழற்றி. நம்ம பைக் ஸ்டாண்டில் சீட்டு மேல பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காத வண்டிகள் வரிசையா நிக்குது. அந்த வண்டிகளின் ஓனர்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். கலங்கல் எங்கேயோ இல்லை, நம்ம சூலூர் தாலுகாவுக்குள்ளேயேதான் இருக்கு. விவசாயக் குடும்பம். அம்மா சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவே இல்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரிப் போட்டுட்டு ஓடினார் என்று அவரைப் பற்றி எழுதினவங்க எல்லாருமே சொல்றாங்க. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிஞ்சது. அதுக்கப்புறம் தோட்டத்து வேலை. ஆனா தமிழில் கையில் கிடைச்ச புத்தகத்தை எல்லாம் படிச்சார். இந்த இரண்டாவது விஷயத்தை, படிப்பு வேண்டாம்னு சொல்றதுக்கு அவரை உதாரணம் காட்டுறவங்க வசதியா விட்டுடுவாங்க.

இளவட்டமா இருந்தப்போ அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி ஓடுறதை நாயுடு அன்னைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். கதையில் எனக்குப் பிடிச்ச இடம் அடுத்து வருது. அந்த வண்டி வழியில் நின்னு போச்சாம். அதிகாரி இறங்கி, பக்கத்தில் நின்ன பையனை மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்லி, பாகங்களைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி ஓட்டிட்டுப் போனாராம். அப்படிப் பார்த்தா நாயுடு பார்த்த முதல் மோட்டார் வண்டி, அவர் கண் முன்னாலேயே ரிப்பேர் ஆகி, கண் முன்னாலேயே சரியான வண்டி. அது மந்திரம் இல்லை, கழற்றினா உள்ளே பாகம் இருக்கு, அழுக்கை எடுத்தா ஓடும் என்பது முதல் நாளிலேயே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஓடுற வண்டியை மட்டும் பார்த்திருந்தா அவருக்கும் நம்மளை மாதிரி ஆசையோடு நின்னிருக்கும்.

ஊரை விட்டு கோயம்புத்தூர் வந்தார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. மூணு வருஷம் மிச்சம் பிடிச்சு 300 ரூபாய் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொண்டு போய் ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். 1912 மாடல்.

இப்போ நாம என்ன செய்வோம்? சாவி கையில் வந்த அன்னைக்கே ஊட்டி போட்டோ ஸ்டேட்டஸில் வந்துடும். அவர் வண்டியைப் பிரிச்சுப் போட்டார். பாகம் பாகமாகக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றி. இது சும்மா விளையாட்டு இல்லைங்க. மூணு வருஷம் இலை எடுத்து, தண்ணி ஊத்தி, டேபிள் துடைச்ச காசு மொத்தமும் தரையில் துண்டு துண்டா கிடக்கு. வாரண்டி கிடையாது. சர்வீஸ் சென்டர் கிடையாது. ஒரு ஸ்டட் முறிஞ்சா இங்கிலாந்தில் கோவென்ட்ரியிலிருந்து கப்பலில் வரணும். ஒரு மரையைக் கெடுத்துட்டா வண்டி சும்மா இரும்பு. அந்த ரிஸ்க்கை எடுக்காம இருந்திருந்தா அவர் ஒரு பழைய பைக் வச்சிருந்த சர்வரா மட்டும் இருந்திருப்பார்.

அந்தக் காலத்து ரட்ஜ் வண்டியை நீங்க மனசில் கொண்டு வரணும்னா, இப்போ நம்மகிட்ட இருக்கிற எதையும் நினைக்காதீங்க. ஒற்றை சிலிண்டர், 499 சிசி, மூன்றரை குதிரைத்திறன் வகுப்பு. அளவு மட்டும் புல்லட் மாதிரி, சக்தி கம்மி. பின் சக்கரத்துக்குச் செயின் இல்லை, பெல்ட். மழையில் நனைஞ்சா வழுக்கும், நாள்பட நீளும், அடிக்கடி இழுத்துக் கட்டணும். எஞ்சின் ஆயில் தானா சுத்தி வராது. ஓட்டுகிறவரே போற வழியில் கைப் பம்பை அழுத்தி எஞ்சினுக்கு ஆயில் கொடுக்கணும்; எரிஞ்சது போக மிச்சம் ரோட்டில் சொட்டும். அடிக்க மறந்தா பிஸ்டன் பிடிச்சுக்கும். அன்னைக்கு மெயின்டெனன்ஸ் என்பது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற சமாச்சாரம் இல்லை, வண்டி ஓட்டுறதே அதுதான். அந்த அதிர்வில் எந்த நட்டு எப்போ தளரும்னு தெரியாதவங்க தூரமா போக முடியாது. ஸ்பேனர் கணக்கும் வேற. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் 10, 12, 14 மில்லிமீட்டர் எல்லாம் கிடையாது, எல்லாமே அங்குலப் பின்னம். விட்வொர்த் அளவு ஸ்பேனரில் இன்னொரு குழப்பம்: அதில் போட்டிருக்கிற எண் நட்டுத் தலையின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். இதை எல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாம ஒருத்தர் கழற்றி மாட்டிக் கத்துக்கிட்டார் என்பதை நினைச்சுப் பாருங்க.

கொஞ்சம் உங்க வண்டிக்கு வருவோம். இப்பத்து வண்டி பெல்ட் நழுவாது, ஆயில் சொட்டாது. ஆனா போல்ட் போல்ட்தான். நாம செகண்ட் இயரில் படிச்ச விஷயம் இது: இறுக்கின போல்ட் ஒரு ஸ்பிரிங். லேசா நீண்டு, இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிச்சிருக்கு. புது வண்டியில் பெயின்ட், வாஷர், உலோகப் பரப்பின் மேடு பள்ளம் எல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரில் அழுந்திப் படியும். படிஞ்ச அளவுக்கு அந்த ஸ்பிரிங் தளரும். பிடி தளர்ந்த இடத்தில் பாகங்கள் பக்கவாட்டில் ஆட ஆரம்பிச்சா நட்டு தானாகவே சுத்திக் கழண்டு வரும். யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் சோதனை செய்து காட்டினது இதைத்தான்: மேலும் கீழும் வர்ற அதிர்வை விட பக்கவாட்டு அசைவுதான் போல்ட்டுக்கு எமன். சோமனூரில் தறி ஓட்டுற வீட்டில் பிறந்த யாரையும் கேளுங்க, இந்த ஆராய்ச்சி எல்லாம் தெரியாமலே சொல்லுவாங்க. நாள் முழுக்க ஆடுற தறியில் எந்த நட்டைத் தினமும் தொட்டுப் பார்க்கணும்னு அவங்க கைக்குத் தெரியும்.

முதல் சர்வீஸ்னு 500-லிருந்து 1000 கிலோமீட்டருக்குள்ள கம்பெனிக்காரங்க கூப்பிடுறதுக்கு ஆயில் மாத்துறது மட்டும் காரணம் இல்லை, இதுவும்தான். அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்லை. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது வண்டியைச் சுத்தி ஒரு தடவை கை வச்சுப் பாருங்க. கண்ணாடித் தண்டு, நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்ட், ஹேண்டில்பார் கிளாம்ப், சைலன்ஸரை எஞ்சினோடு பிடிச்சிருக்கிற நட்டு, முன்னும் பின்னும் ஆக்ஸில் நட்டு, பிரேக் கேலிப்பர் போல்ட். ஆடுதா, இல்லையா? அவ்வளவுதான் முதல் கேள்வி. ஆடலைன்னா தொடாதீங்க. ஸ்பேனர் கையில் இருக்குன்னு எல்லாத்தையும் இன்னொரு கால் சுத்து இறுக்குறதுதான் நம்ம பசங்க பண்ற பெரிய தப்பு. நாம போடுற முறுக்கு விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போயிடும், பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கும். காய்ஞ்ச மரைக்குன்னு சொன்ன அளவை ஆயில் பட்ட மரைக்குப் போட்டா உராய்வு குறைஞ்சு போல்ட் அளவுக்கு மேல் நீளும். அலுமினிய கேஸில் இருக்கிற மரை கழண்டா உங்க மரையும் கழண்டுடும், செலவு அப்படி. ஓனர் மேனுவலில் எந்த நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர்னு இருந்தா அந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க. அதில் இல்லைன்னா சர்வீஸ் சென்டரில் கேளுங்க. இறுக்கினதுக்கு அப்புறம் நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைங்க. கோடு உடைஞ்சு தெரிஞ்சா நட்டு நகர்ந்திருக்கு. பிரேக், ஆக்ஸில் இரண்டிலும் சந்தேகம்னா நீங்களே முயற்சி பண்ணாதீங்க, காட்டிடுங்க. செயின் தொய்வும் டயர் காற்றும் வண்டிக்கு வண்டி மாறும், அதுக்கும் மேனுவல்தான்.

சரி, நாயுடுவுக்குத் திரும்புவோம். ரட்ஜைக் கழற்றி மாட்டின கை மெக்கானிக் கையா மாறிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு சறுக்கல். திருப்பூரில் பஞ்சு அரவை ஆலை நடத்தினார், முதல் உலகப்போர் சமயத்தில் நல்ல காசு பார்த்தார். அந்தக் காசோடு பம்பாய் போய் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, பெரிய ஆட்களோடு மோதி, எல்லாத்தையும் விட்டுட்டு வந்தார். வியாபாரத்தை அவர் கழற்றிப் பார்க்காமலேயே ஓட்டிட்டார்னு நான் நினைச்சுக்குவேன். ஊர் திரும்பினவர் ராபர்ட் ஸ்டேன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் என்ற பெயரைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க: மில், காபி, பள்ளிக்கூடம். அந்த வெள்ளைக்காரர்தான் நாயுடுவின் கையில் இருந்த வேலையைப் பார்த்து, பஸ் வாங்க உதவினவர். நாயுடு ஆங்கிலம் பழகினதும் அவரிடம்தான்.

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில், ஓட்டுநர் அவரே. சுமார் 60 கிலோமீட்டர் தூரம், அன்றைய ரோட்டில். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து 1933-க்குள்ள யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ்., 280 பஸ் வச்சிருந்த கம்பெனி ஆயிடுச்சு.

280 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசிங்க. 280 வண்டி வாங்குறது பணம் இருந்தா முடியும். 280 வண்டியும் நாளைக்குக் காலையில் சரியான நேரத்துக்குக் கிளம்புறதுக்குப் பணம் மட்டும் போதாது. ஒவ்வொண்ணிலும் நூற்றுக்கணக்கில் நட்டு போல்ட், ஸ்பிரிங் பட்டை, பிரேக், ரேடியேட்டர். யு.எம்.எஸ். பஸ் நேரத்துக்கு வரும் என்பதுதான் அந்தக் கம்பெனிக்கு இருந்த பேர். பழனிக்குப் போற பக்தரும், சந்தைக்குப் போற விவசாயியும் அதை நம்பித்தான் ரோட்டோரம் நின்னாங்க. டிக்கெட் கொடுக்க மெஷின் கொண்டு வந்தார். ரேடியேட்டர் சூட்டுக்கு ஒரு வழி, எஞ்சின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி என்று அவர் செய்ததாகச் சொல்ற ஆரம்பகாலச் சாமான்கள் எல்லாம் பஸ் வொர்க்ஷாப்பின் தேவையிலிருந்து வந்தவை. இதனாலதான் எடிசன் பட்டம் எனக்கு ஒட்டலை. அவர் முதலில் ஒரு மெயின்டெனன்ஸ் ஆள். பஸ் நிக்கக் கூடாது என்ற கவலையில்தான் மற்றது எல்லாம் முளைச்சுது. அதிர்வைக் கேட்டு எஞ்சினின் நோயைச் சொல்றதுக்கு இன்னைக்கு சென்சார் வச்சு ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்றோம். நம்ம டிபார்ட்மென்டிலேயே இந்த வருஷம் அதுல இரண்டு டீம்.

கண்டுபிடிப்புகளை வேகமா சொல்லிடுறேன், நீங்க எங்கேயும் படிக்கலாம். பேட்டரியில் ஓடுற 'ரசந்த்' மின் ஷேவர், மெல்லிசான சவர பிளேடு, ஜூஸ் பிழியிற கருவி, மண்ணெண்ணெயில் ஓடுற மின்விசிறி, முறைகேடு பண்ண முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். விவசாயத்திலும் கை வச்சு ஆள் உயரத்தைத் தாண்டின பருத்திச் செடி வளர்த்தார். 1930-களில் ஐரோப்பா போனார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடிச்சார். ஜெர்மனியில் ஹிட்லரையும் பார்த்துப் படம் எடுத்தார். இதைச் சிலர் பெருமையா எழுதுறாங்க, எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியலை.

இவை எல்லாத்தையும் விட நம்ம ஊருக்கு முக்கியம் 1937. டி. பாலசுந்தரம் நாயுடு என்ற பொறியாளரோடு சேர்ந்து பீளமேட்டில், இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைக் கொண்டு வந்தாங்க. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோயம்புத்தூரில் இன்னைக்கு மோட்டார், பம்ப்செட், ஃபவுண்டரி என்று தெருவுக்குத் தெரு இருக்கே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் சோறு அதிலிருந்து வருது.

இப்போ நம்மளைக் குத்துற இடம். 1945-ல் அவர் முயற்சியிலும் நன்கொடையிலும் ஆர்தர் ஹோப் பேரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்துச்சு. ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் தினமும் பஸ் நிக்குதே, அந்த ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். அந்தக் காலேஜ்தான் பிறகு இடம் மாறி இன்னைக்குத் தடாகம் ரோட்டில் இருக்கிற ஜி.சி.டி. முதல்வராக நாயுடுவே இருந்தார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால்! அவர் வந்ததும் சொன்னது, நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குது, இரண்டு வருஷத்தில் இதையே கற்றுக் கொடுக்கலாம் என்று. அரசாங்கம் ஒத்துக்கலை. அவர் பதவியை விட்டுட்டுப் போனார்.

நாலாவது வருஷத்தில் உக்காந்துக்கிட்டு இதைப் படிச்சா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா நான் முழுசா அவர் பக்கம் இல்லை. போல்ட் ஒரு ஸ்பிரிங் என்பதும், முறுக்கில் பத்தில் ஒன்பது உராய்வுக்குப் போகுது என்பதும் ரட்ஜை நூறு தடவை கழற்றினாலும் கைக்குத் தெரியாது. அதுக்கு கிளாஸ் ரூம் வேணும். அவர் சொன்னதில் உண்மை எங்கே இருக்குன்னா, நம்ம கிளாஸில் 60 பேரும் அந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதுவோம். சொந்த வண்டியின் ஆக்ஸில் நட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர்னு கேட்டா எத்தனை கை தூக்கும்? இரண்டு வருஷம் போதும்னு அவர் சொன்னப்போ மீதி இரண்டு வருஷத்துக்கும் ஸ்பேனரைத்தான் மனசில் வச்சிருந்திருப்பார்னு எனக்கு ஒரு ஊகம்.

அரசாங்கத்தோடு அவருக்கு எப்பவும் உரசல்தான். சுதந்திரத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. 1952-ல் இரண்டு பேர் உக்காரக்கூடிய ஒரு பெட்ரோல் கார் செஞ்சார், விலை 2000 ரூபாய் அளவில். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கலை. அந்தக் கார் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நம்ம ஊர்க்காரங்க இன்னமும் டீக்கடையில் பேசுறாங்க. நான் அந்தக் கணக்குக்குள்ள போகலை. ஆனா ஒரு அறை வொர்க்ஷாப்பிலிருந்து கிளம்பினவருக்கு, நட்டு போல்ட்டால் அவிழ்க்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறதை ஏத்துக்கவே கஷ்டமா இருந்திருக்கும்.

1974 ஜனவரி 4-ல், 80 வயசில் இறந்தார்.

அவிநாசி ரோட்டிலேயே, மேம்பாலத்துக்குக் கீழே, பிரெசிடென்ட் ஹால் வளாகத்தில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கு. பக்கத்தில் ஜீடி கார் மியூசியம். பாலத்து மேல பறந்துட்டுப் போறவங்களுக்கு அது கண்ணில் படாது, கீழ்ச் சாலையில் போகணும். ரேடியோ, ஷேவர், கார் எல்லாத்தையும் பார்த்துட்டு அந்த ரட்ஜ் வண்டிக்கிட்ட வாங்க. 300 ரூபாய்க்கு வாங்கினது. வெளியே வந்ததும் ஸ்டாண்டில் நிக்கிற உங்க வண்டியின் கண்ணாடித் தண்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.